காருகுறிச்சியா, காரைக்குறிச்சியா?

பொருநை பாயும் நெல்லைச் சீமையில், சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையே காருகுறிச்சி என்றோர் ஊர் உண்டு. பாய்க்குப் பத்தமடை பேர்போனது போல, மண்பானைக்கு இவ்வூர் பேர்போனது. ஆனால் இவ்வூரின் பெயரைத் தமிழ் வழங்கும் நாடெங்கும் கொண்டு சேர்த்தது பானையன்று, ஒரு நாகசுரம். அதை வாசித்தவர் காருகுறிச்சி பி. அருணாசலம்.

1921-ஆம் ஆண்டு பிறந்த அவர், நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். அப்பெருமகனாரின் அருகில் நின்று இரண்டாம் நாயனம் வாசிப்பது எளிய காரியமன்று. குரு எந்தச் சுரத்தில் நிற்பார், எங்கே திரும்புவார் என்று கணந்தோறும் செவி கொடுக்க வேண்டும். அந்தப் பயிற்சியே அவரை ஆளாக்கியது. 1956-இல் குரு மறைந்தபின் அவர்தம் பாணியைத் தாங்கி நின்றவர்களுள் அருணாசலம் முன்னவராக மதிக்கப்பட்டார்.

நாகசுரம் என்றாலே தஞ்சைத் தரணி என்றிருந்த காலம் அது. திருவாவடுதுறை, திருவீழிமிழலை, திருவெண்காடு என்று காவிரி நாட்டு ஊர்களே கலைஞர் பெயருக்கு முன்னால் நின்றன. அந்த வரிசையில் பொருநைக்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்த்த பெருமை இவருக்கு உண்டு. 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில், எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில், ஆபேரி ராகப் பாடலில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்தது இவர் நாயனமே. திரையில் வாசிப்பவராகத் தோன்றியவர் ஜெமினி கணேசன்.

இத்தகையவரின் பெயர் இசைத்தட்டுகளில் எப்படி இருக்கிறது? சிலவற்றில் காருகுறிச்சி, பலவற்றில் காரைக்குறிச்சி. ஆங்கிலத்தில் ‘யு’ வரவேண்டிய இடத்தில் ‘ஏ, ஐ’ புகுந்தது. அதைப் பார்த்துத் தமிழில் எழுதியவர்கள் ‘ரு’வை ‘ரை’ ஆக்கினர். காரைக்குடியும் காரைக்காலும் பழகிய நமக்கு ஐயம் எழவில்லை. காரைக்குறிச்சி என்றும் தமிழகத்தில் ஊர்கள் இருப்பதால், கலைஞர் வேற்றூர்க்காரராகவே ஆகிவிடுகிறார். அருணாசலம், அருணாச்சலம் என்று அடுத்த சொல்லும் இரண்டுபடுகிறது.

இசை இனித்தால் போதாதா, எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நான் வேதியியல் மாணவன். ஓர் ஆக்சிஜன் அணு கூடினால் கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும் என்று படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆளும் நானே. என் தந்தையின் பெயர் ஒரு சான்றிதழில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருந்ததால், உதவித்தொகை விண்ணப்பம் இருமுறை திரும்பி வந்தது. நாங்கள் அலைந்து திருத்திக்கொண்டோம். மறைந்தவர் எந்த அலுவலகத்தின் வாசலில் போய் நிற்பார்?

அருணாசலம் 1964-இல், 43 வயதுக்குள் காலமானார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை உண்டு. 2021-இல் அவரது நூற்றாண்டும் வந்து சென்றது. பழைய இசைத்தட்டுகள் இன்று கணினிக்கு ஏறுகின்றன. உறையிலுள்ள பிழையும் கூடவே ஏறுகிறது. சரியான பெயரைத் தட்டித் தேடுபவருக்குப் பிழையான பெயரில் கிடக்கும் கச்சேரி அகப்படாமலே போகலாம்.

தோழர்களே, தம் பெயருக்கு முன்னால் ஊரை நிறுத்தி அதற்குப் புகழ் தேடித் தந்தார் அவர். அந்த ஊரை அவரிடமிருந்து பிரிக்காமல் எழுதுவோம்: காருகுறிச்சி அருணாசலம்.