கல்லின் வயதைச் சொன்ன பேராசிரியர்

நம் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிறு சன்னதிகளில் கண்ணாமூச்சி ஆடி வளர்ந்தவன் நான். ஒரு சுவரில் கரிக்கட்டியால் என் பெயரைக்கூட எழுதியிருக்கிறேன். அச்சன்னதிகளில் பல்லவர் ஓவியம் மறைந்திருந்த செய்தியைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன், நெஞ்சு குறுகுறுத்தது.

1931-இல் அவ்வோவியங்களைக் கண்டறிந்தவர் ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சுக்காரர். 1885-இல் சைகோன் நகரில் பிறந்த அன்னார், 1909-இல் புதுச்சேரிக்குக் கல்லூரி ஆசிரியராக வந்தார். தென்னாட்டுக் கோயில்களைத் தேடித்தேடிப் பார்த்து, 1914-இல் பாரிசில் தம் ஆய்வு நூலை வெளியிட்டார்.

கல்வெட்டில்லாத கோயிலின் காலத்தை எப்படி அறிவது? தூணுக்குமேல் உத்திரத்தைத் தாங்கும் போதிகையே அவருக்குச் சான்று. பல்லவர் போதிகை வளைந்து, அலையலையாக மடிப்புக் கொண்டிருக்கும். சோழர் காலத்தில் சரிவாக வெட்டுப்பட்டு நடுவில் முனை நீளும். விசயநகரக் காலத்திலோ மொட்டாகக் கவிழ்ந்து தொங்கும். இலையைப் பார்த்துச் செடியின் குடும்பத்தைச் சொல்லும் தாவரவியல் முறை போன்றதே இது எனலாம். (தறிக்காரரான என் தாத்தாவும் பழம்புடவையின் கரையைப் பார்த்தே அது எந்தக் காலத்து நெசவு என்பார்!)

பிற்காலத்தார் பூசிய சுண்ணாம்புக் காரைக்கு அடியில் கிடந்த அவ்வோவியங்களில் இன்று எஞ்சியவை சில துணுக்குகளே. துப்ரேய் 1945-இல் மறைந்தார்.

சென்ற பொங்கல் விடுமுறையில் தாத்தாவை அழைத்துச் சென்று சோமாஸ்கந்தர் ஓவியத்தைக் காட்டினேன். நெடுநேரம் உற்றுப் பார்த்தவர், அந்தச் சிவப்புச் சாயம் இன்னும் நிற்கிறதே என்று வியந்தார்.