61.8 கோடிக்கு ஏலம் போன ஓவியம்... வரைந்தவருக்கு ஆயுள் 28 வருஷம்தான்! யார் இந்த அம்ரிதா ஷெர்-கில்?

2023 செப்டம்பர் 16, டெல்லி. சாஃப்ரன்ஆர்ட் நிறுவனத்தின் ஏலத்தில் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் ரூ.61.8 கோடிக்குப் போனது. பெயர் ‘தி ஸ்டோரி டெல்லர்’. 1937-ல் வரையப்பட்டது. வீட்டு முற்றத்தில் ஓய்வாக உட்கார்ந்து கதை கேட்கும் சாதாரணக் குடும்பப் பெண்கள். படத்தில் இருப்பது அவ்வளவுதான். ஆனால், அதுவரை எந்த இந்திய ஓவியமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை.

வரைந்தவர் அம்ரிதா ஷெர்-கில். அப்போது அவருக்கு வயது 24. இந்தப் படங்களை விற்க அவர் ஊர் ஊராக அலைந்திருக்கிறார். பல இடங்களில் வாங்க ஆள் இல்லை!

புடாபெஸ்ட் டு சிம்லா

1913 ஜனவரி 30 அன்று ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார் அம்ரிதா. அப்பா உம்ராவ் சிங் பஞ்சாபின் மஜீதியா பிரபுக் குடும்பத்துச் சீக்கியர். சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர், புகைப்படம் எடுப்பதில் பித்துப் பிடித்தவர். அம்மா மேரி அன்டோனெட் ஹங்கேரிய ஓபரா பாடகி. அடுத்த வருஷமே தங்கை இந்திரா பிறந்தார். முதல் உலகப் போரில் சிக்கி, குடும்பம் ஹங்கேரியிலேயே தங்க நேர்ந்தது. 1921-ல்தான் சிம்லா வந்து சேர்ந்தார்கள்.

மகளின் கையில் ஏதோ இருக்கிறது என்று வீட்டில் சீக்கிரமே புரிந்துவிட்டது. 1929-ல் அவரைப் படிக்க வைக்க மொத்தக் குடும்பமும் பாரிஸுக்கு மூட்டை கட்டியது. 16 வயதில் பாரிஸ் கலைப்பள்ளி. 19 வயதில் ‘யங் கேர்ள்ஸ்’ என்ற ஓவியம். அதற்காகத் தங்கை இந்திராவையே மாடலாக உட்கார வைத்தார். 1933-ல் அது பாரிஸின் கிராண்ட் சலோனில் தங்கப் பதக்கம் வாங்கியது. சலோனின் இணை உறுப்பினராகவும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கேயே இருந்திருந்தால் பேரும் புகழும் வந்திருக்கும். ஆனால், 1934 கடைசியில் இந்தியா திரும்பிவிட்டார். தான் வரைய வேண்டிய மனிதர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

பரிசைத் திருப்பி அனுப்பியவர்

வந்ததுமே மோதல்தான். 1935-ல் சிம்லா நுண்கலைச் சங்கத்தின் கண்காட்சிக்குப் படங்களை அனுப்பினார். சிலவற்றை ஏற்று, சிலவற்றை நிராகரித்து, ஏற்றதில் ஒன்றுக்குப் பரிசும் அறிவித்தார்கள். நல்ல படங்களைத் தள்ளிவிட்டுக் கொடுக்கும் பரிசு வேண்டாம் என்று மறுத்துவிட்டார் அம்ரிதா. 22 வயதுப் பெண் அப்படிச் செய்தது அந்தக் கால சிம்லாவுக்கு ஜீரணமாகவில்லை.

அடுத்து ஒரு நீண்ட பயணம். 1936 கடைசியில் அஜந்தா, எல்லோரா. பிறகு தெற்கே. கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் உட்கார்ந்து அவற்றைப் பார்த்து வரைந்து பழகினார். கன்னியாகுமரிக்கும் வந்தார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் இருந்தது. தெற்கின் மனிதர்கள், அவர்களுடைய கறுத்த தோல், வெள்ளை வேட்டி எல்லாம் அவர் தூரிகையையே மாற்றிவிட்டன. ‘பிரைட்ஸ் டாய்லெட்’, ‘பிரம்மச்சாரிஸ்’, ‘சவுத் இண்டியன் வில்லேஜர்ஸ் கோயிங் டு மார்க்கெட்’ என்ற மூன்று படங்களும் அந்தப் பயணம் தந்தவை. இன்று இவற்றைச் சேர்த்து அவரது தென்னிந்திய முப்படத் தொகுப்பு என்கிறார்கள்.

யாரும் வாங்கலையா?

பாராட்டு கிடைத்தது. 1937-ல் பம்பாய் கலைச் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. விமர்சகர் கார்ல் கண்டலாவாலா போன்றவர்கள் கொண்டாடினார்கள். ஆனால், காசு வரவில்லை. ஹைதராபாத்தில் நவாப் சாலர் ஜங் ஆசையாக எடுத்து வைத்த படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மைசூர் மகாராஜாவுக்கு ரவி வர்மாவின் படங்களே பிடித்திருந்தன. பட்டும் நகையுமாக மின்னும் தேவிகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, சோகம் படிந்த முகத்தோடு குந்தியிருக்கும் கிராமத்துப் பெண்கள் அழகாகத் தெரியவில்லை.

1938-ல் ஹங்கேரி போய், உறவுக்காரரான மருத்துவர் விக்டர் ஈகனை மணந்தார். வீட்டில் எதிர்ப்புதான். அடுத்த வருஷம் இருவரும் இந்தியா வந்து, கோரக்பூர் அருகே சராயாவில் உறவினர்களின் பண்ணையில் தங்கினார்கள். அங்கிருந்த சர்க்கரை ஆலையில் விக்டருக்கு மருத்துவர் வேலை. அம்ரிதா சுற்றியிருந்த பெண்களையும் யானைகளையும் வரைந்துகொண்டே இருந்தார்.

1941 செப்டம்பரில் புது வாழ்க்கை தேடி லாகூருக்குக் குடிபெயர்ந்தார்கள். டிசம்பரில் பெரிய தனிக் கண்காட்சிக்கு ஏற்பாடு. அதற்குச் சில நாள்களே இருக்கும்போது திடீரென்று உடல்நிலை மோசமாகி, டிசம்பர் 5 அன்று அம்ரிதா இறந்துபோனார். காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. ஜன்னல் வழியே தெரிந்த கறுப்பு எருமைகளும் மண் வீடுகளுமாக அவர் வரைந்துகொண்டிருந்த படம் பாதியில் நின்றது. கண்காட்சி அவர் இல்லாமலேயே நடந்தது.

இப்போ ஏன் இவ்வளவு விலை?

முதல் காரணம், சரக்கு குறைவு. 28 வயதில் போய்விட்டவர் என்பதால் பதிவாகியிருக்கும் ஓவியங்களே 200-க்குள்தான். அதில் பெரும்பங்கு டெல்லியின் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கணவரும் குடும்பத்தினரும் கொடுத்தவை அவை. அந்தக் கலைக்கூடத்திலிருந்து எதுவும் சந்தைக்கு வராது. தனியார் கையில் இருக்கும் கொஞ்சநஞ்சத்தில் ஒன்று எப்போதாவது வெளியே வந்தால் போட்டி சூடுபிடிக்கிறது. 2006-ல் ‘வில்லேஜ் சீன்’ ரூ.6.9 கோடி. 2021-ல் ‘இன் தி லேடீஸ் என்க்ளோஷர்’ ரூ.37.8 கோடி. 2023-ல் ரூ.61.8 கோடி.

இன்னொரு சுவாரஸ்யம், சட்டம். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 வருஷத்துக்கு மேல் பழசான வெள்ளிப் பாத்திரமோ சிலையோ இந்தியாவை விட்டுத் தனியார் யாரும் வெளியே கொண்டுபோக முடியாது. 100 வருஷம் ஆகாவிட்டாலும், மறைந்த சில ஓவியர்களின் படைப்புகளை அரசு ‘கலைச் செல்வம்’ என்று அறிவித்திருக்கிறது. தாகூர், ரவி வர்மா, ஜாமினி ராய் இருக்கும் அந்தப் பட்டியலில் 1976-ல் அம்ரிதாவும் சேர்ந்தார். எத்தனை கோடி கொடுத்து வாங்கினாலும் படம் இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும்.

சரி, இந்தப் பணத்தில் ஓவியர் குடும்பத்துக்குப் பங்கு உண்டா? ரூ.10,000-க்கு மேல் மறுவிற்பனை ஆகும் ஓவியத்தில் ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு உண்டு என்கிறது இந்தியக் காப்புரிமைச் சட்டம். ஆனால், காப்புரிமை இருக்கும்வரைதான் அது. ஓவியர் இறந்து 60 ஆண்டுகளில் காப்புரிமை முடிகிறது. அம்ரிதாவுக்கு அது 2001-லேயே முடிந்துவிட்டது. ஏலங்களில் அவர் படத்துக்குக் கோடிகள் கொட்டத் தொடங்கியதோ அதற்குப் பிறகு!

பாரிஸில் மாடலாக உட்கார்ந்த தங்கை இந்திரா, பின்னாளில் இந்தியாவின் 2-வது தலைமைத் தேர்தல் ஆணையரான கே.வி.கே.சுந்தரத்தை மணந்தார். அவர்கள் மகன் விவான் சுந்தரமும் பெயர் பெற்ற ஓவியர். பெரியம்மாவைப் பார்த்ததே இல்லை. அவர் இறந்த பிறகுதான் பிறந்தார். ஆனாலும் தாத்தா எடுத்த பழைய புகைப்படங்களை ஒன்றோடொன்று இணைத்துப் புதுப் படங்கள் உருவாக்கினார், அம்ரிதாவின் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். 2023 மார்ச்சில் அவரும் மறைந்தார். ‘தி ஸ்டோரி டெல்லர்’ 61.8 கோடிக்குப் போனது அதற்கு ஆறு மாதம் கழித்து.

2025-ல் எம்.எஃப்.ஹுசைனின் ‘கிராம் யாத்ரா’ நியூயார்க் ஏலத்தில் ரூ.100 கோடியைத் தாண்டி, அந்தச் சாதனையை முறியடித்துவிட்டது. அம்ரிதாவின் படங்களைப் பார்க்க அவ்வளவு பணம் தேவையில்லை. டெல்லி போனால் இந்தியா கேட் பக்கத்தில் இருக்கும் ஜெய்ப்பூர் ஹவுஸுக்குள் ஒரு நடை போய் வாருங்கள். தெற்கிலிருந்து அவர் எடுத்துப்போன முகங்களும் அங்கே இருக்கின்றன.