க. நா. சு. ஆற்றிய தேசத் தொண்டு

கோலியனூரில் ஏர்பிடிக்கும் குடியானவனின் மகன் ஆங்கிலம் அறியாதவனாயிருப்பினும், நார்வே தேசத்துக் குடியானவன் ஒருவன் காடு திருத்திக் கழனி கண்ட கதையைத் தன் தாய்பாஷையிலேயே வாசித்தல் கூடும். நட் ஹாம்சன் 1917ல் வெளியிட்ட அந்நாவலை ‘நிலவளம்’ என்ற பெயரால் தமிழுக்குத் தந்தவர் காலஞ்சென்ற க. நா. சுப்ரமண்யம்.

அன்னார் 1912ஆம் வருஷம் வலங்கைமானில் ஜனித்தார். அண்ணாமலை சர்வகலாசாலையில் பயின்றார். மகன் ஆங்கில நூலாசிரியனாகக் கீர்த்தி பெறவேண்டுமென்பது தந்தையாரின் ஆவல். தமிழில் ‘மணிக்கொடி’ எழுந்தது. மகனோ தாய்மொழிக்குத் திரும்பினார். உத்தியோகம் நாடாமல் எழுத்தையே ஜீவனமாகக் கொண்டார். ‘சூறாவளி’, ‘சந்திரோதயம்’, ‘இலக்கிய வட்டம்’ ஆகிய பத்திரிகைகளின் ஆசிரியராக உழைத்தார்.

அக்காலத்தில் அந்நிய இலக்கியமென்றால் ஆண்டவர்களின் இலக்கியமே என்று கற்றோரும் மயங்கியிருந்தனர். இவரோ ஆங்கிலத்தை எஜமானனாக மதியாது ஏணியாகவே கொண்டு, அதன்மூலம் ஸ்வீடனையும் நார்வேயையும் எட்டினார். ஸெல்மா லாகர்லெவின் நாவல் ‘மதகுரு’வாயிற்று, பேர் லாகர்க்விஸ்டின் நாவல் ‘அன்பு வழி’யாயிற்று. பட்டினி கிடக்கும் எழுத்தாளனொருவனின் மனவோட்டத்தையே கதையாக்கிய ஹாம்சனின் ‘பசி’ 1890ல் வெளிவந்து, புதுநெறி நாவலுக்கு வழிகோலிய நூல். அதையும் தமிழாக்கினார். ஹாம்சன் முதுமையில் ஹிட்லரை ஆதரித்துக் களங்கப்பட்டது மெய்யே. அதனால் அந்நூல்களின் சத்தியம் பொய்த்துவிடவில்லை. கொடுங்கோன்மையைத் தோலுரிக்கும் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யைத் தமிழில் தந்தவரும் இவரே.

இத்தனை படிப்பும் அவரை நகல் எடுப்பவராக்கவில்லை. 1946ல் வெளிவந்த ‘பொய்த்தேவு’, காவிரிக்கரைச் சாத்தனூரில் பிறந்த ஏழைச் சிறுவன் சோமு பணத்தைத் தெய்வமாக்கி உயர்ந்து, முடிவில் அனைத்தையும் துறந்து பண்டாரமாவதைச் சொல்வது. மண் நம்முடையது, கண் விரிந்தது.

தரமற்றதைத் தரமற்றதென்றே எழுதியதால் பகைவர் பலரைத் தேடிக்கொண்டார். 1986ல்தான் சாகித்ய அக்காதெமி அவருடைய விமர்சன நூலுக்குப் பரிசளித்தது. 1988 டிசம்பர் 18ந் தேதி தில்லியில் காலமானார்.

நார்வே 1905 வரை ஸ்வீடன் மன்னரின் கீழிருந்த சிறு நாடு. அதன் ஜனத்தொகை தமிழரில் ஒரு சிறு பங்கே. எனினும் அச்சிறு நாட்டின் நாவலை உலகம் தேடிப் படித்தது. பாஷையின் பெருமை பேசுவதால் வருவதன்று, படைப்பதால் வருவது. படைக்கப் புகுவோன் பிறர் படைத்ததை முதலில் அறிதல் வேண்டும். சுயராஜ்யம் சித்தித்த பின்னும் அறிவுக்கு வேலியிட்டிருத்தல் நமக்கு அழகன்று. ஒவ்வொரு கிராம வாசகசாலையும் அவருடைய மொழிபெயர்ப்புகளில் ஒன்றையேனும் வாங்கி வைக்குமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் கடன்.