கடலூரில் மறைந்த கணித வல்லார்

இடையிலே கட்டுந் தோல்வாரில் வரிசையாகத் துளைகளிட்டு, அவற்றுள் ஒன்றில் பக்கிளின் நாக்கை மாட்டி இறுக்குதல் யாவரும் அறிந்த முறையாகும். இம்முறையில் ஒரு குறையுண்டு. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே வாரை நிறுத்த இயலாது; மெலிந்தவரும் பருத்தவரும் துளைக்குத் தக்கபடி தம் வயிற்றை அமைத்துக்கொள்ள வேண்டியதே. இக்காலத்துப் பயணப்பைகளின் நாடாக்களிலும், கித்தான் வார்களிலும் காணப்படும் பூட்டோ வேறு வகையினது. அதில் துளையுமில்லை, நாக்குமில்லை. இரண்டு விளிம்புகள் நாடாவை இருபுறமும் அழுத்திப் பிடிக்கின்றன. எவ்வளவு இழுத்தோமோ அவ்வளவில் அது நின்றுவிடுகின்றது. ஏறக்குறைய இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர், இத்தகைய எளிய பிடியொன்றைத் துணைக்கொண்டு, துப்பாக்கிக் குண்டு ஒரு நொடியில் எத்தனை அடி செல்கின்றது என்பதை நம்பத்தக்கவாறு அளந்தார் ஒருவர். அவர் பெயர் பெஞ்சமின் இராபின்ஸ். பௌதிகம் பயிலும் மாணவர் அவர் கண்ட ஊசலைப் பாடநூலில் அறிவர். அவர் உயிர்நீத்த இடம் நம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையென்பதை அறிந்தார் சிலரே.

இராபின்ஸ் கி. பி. 1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள பாத் என்னும் நகரத்திற் பிறந்தார். பெற்றோர் எளிய நிலையினர். குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சங்கத்தைச் சேர்ந்தவர்கள். அச்சங்கத்தார் எக்காரணம் பற்றியும் படைக்கலம் எடுத்தல் தகாது என்னுங் கொள்கையினர். அக்குடியிற் பிறந்த பிள்ளை பிற்காலத்தில் ஐரோப்பியப் பீரங்கிப் படையினர்க்கெல்லாம் ஆசிரியராயினமை நினைக்குந்தோறும் வியப்பளிப்பதாகும். இளமையிலேயே கணிதத்தைப் பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்தார். அவர் எழுதிய தாளொன்று இலண்டனில் இருந்த டாக்டர் பெம்பர்டன் என்பார் பார்வைக்குச் சென்றது. நியூட்டனாரது பெருநூலின் மூன்றாம் பதிப்பை 1726-இல் வெளியிடுதற்குத் துணைநின்ற அறிஞர் அவர். அவர் சில கணக்குகளை அனுப்பிச் சோதித்துப் பார்த்தார். விடைகள் செவ்வனே வந்தன. இராபின்ஸ் இலண்டன் சேர்ந்தார். 1727-இல், இருபது வயதில், இராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். நம் வகுப்பிலுள்ளோரிற் பெரும்பாலோர்க்கு இன்று அவ்வயதே.

அதன்பின் பிள்ளைகளுக்குக் கணிதங் கற்பித்தும், பாலம், துறைமுகம், ஆலை முதலியவற்றின் அமைப்பை ஆராய்ந்தும் வாழ்ந்தார். குவேக்கரின் உடையையும் ஒழுகலாற்றையும் இதற்குள் விட்டுவிட்டார். நியூட்டனாரது நுண்கணித முறையைப் பார்க்லி அத்தியட்சர் குறைகூறி எழுதியபோது, அதற்கு மறுப்பாக 1735-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1739-இல் ஆய்லர் என்னும் பெருங் கணித வல்லாரது நூலையே கண்டித்து எழுதினார். அரசியலிலும் புகுந்து, முதலமைச்சர் வால்போலுக்கு எதிராகச் சிறு நூல்கள் வரைந்தார். ஒருவர்க்கும் அஞ்சாத எழுத்து அவருடையது. அதற்குரிய விலையையும் அவர் கொடுக்க நேர்ந்தது. 1741-இல் ஊலிச் என்னுமிடத்தில் இராணுவக் கலாசாலை நிறுவப்பட்டபோது அங்கே ஆசிரியப் பதவியை விரும்பினார், அது கிடைத்திலது. அரசியற் பகையே காரணம் என்பர். அப்பதவியின் பொருட்டுத் திரட்டிய செய்திகளையெல்லாம் விரித்து, பீரங்கிக்கலையின் புதிய தத்துவங்கள் என்னும் பொருள்படும் நூலாக 1742-இல் அச்சேற்றினார். பதவி கிடைத்திருப்பின் அவர் சில மாணவர்க்கு மட்டுமே ஆசிரியராகியிருப்பார்.

அந்நூல் தோன்றுதற்கு முன் பீரங்கிக்கலை என்பது பாதி பழக்கமும் பாதி ஊகமுமாக இருந்தது. எறிந்த பொருள் பரவளையக் கோட்டிற் செல்லுமென்று கலிலேயோ காட்டியிருந்தார். காற்றின் தடையை நீக்கிய இடத்துக்கே அது பொருந்தும். ஆயினும், குண்டு மிகக் கனமானது, காற்றோ மிக மெல்லியது, ஆதலால் காற்றின் தடையை எண்ணவேண்டுவதில்லை என்று நூலாசிரியர் பலர் எழுதி வந்தனர். குண்டின் வேகத்தை அளந்து பார்த்தாலன்றி இதன் உண்மை விளங்காது. கண்ணுக்குத் தோன்றாமற் பறக்கும் பொருளின் வேகத்தை, நொடியைப் பகுத்துக் காட்டும் நற்கருவிகள் இல்லாத காலத்தில், அளப்பது எங்ஙனம்?

இராபின்ஸ் கண்ட வழி இது. மூன்று கால்களுடைய சட்டமொன்றை நிறுத்தி, இரும்போடு பொருத்திய கனத்த மரப்பலகையை அதிலே ஊசலாகத் தொங்கவிட்டார். ஊசலின் மொத்த நிறை ஏறக்குறைய 56 இராத்தல். குண்டின் நிறையோ ஒரு இராத்தலிற் பன்னிரண்டில் ஒரு பங்கு. குண்டு பலகையிற் பாய்ந்து அதிலேயே தங்கிவிடும். குண்டு கொணர்ந்த உந்தம் முழுவதும் இப்பொழுது பலகையுடையதாகின்றது. கண்ணுக்குத் தோன்றாத வேகம், கண்ணாற் காணத்தக்க மெல்லிய அசைவாக மாறிவிடுகின்றது. பலகை எவ்வளவு தூரம் பின்வாங்கிற்று என்று அறிந்தால் எஞ்சியது கணக்கே.

அத்தூரத்தை அறிதற்கே நாடா வேண்டியதாயிற்று. பலகையின் அடிப்புறத்தில் ஒரு நாடாவைக் கட்டினார். சட்டத்தின் குறுக்குக் கட்டையில், படம் வரைவோர் கோடிழுக்கப் பயன்படுத்தும் இரட்டை அலகுப் பேனாவை ஒத்த சிறு கருவியொன்றை அமைத்தார். அதன் இரண்டு எஃகு விளிம்புகளுக்கிடையே நாடாவைச் செலுத்தி, மறுமுனையைத் தளர்வாகத் தொங்கவிட்டார். ஊசல் அசையாதிருக்கும்போது நாடா விளிம்பைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொண்டு சுட வேண்டும். பலகை பின்வாங்க, நாடா விளிம்புகளினூடே இழுபட்டு வரும். பலகை திரும்பும்போது இழுப்பு ஓய்ந்துவிடும். குறியிட்ட இடத்திலிருந்து விளிம்பு வரையுள்ள நீளத்தை அளந்தால், பலகை சென்ற வில்லின் நாண் அதுவே.

இதிலுள்ள நுட்பத்தைச் சிறிது நின்று பார்த்தல் தகும். பிடி மிக இறுகினால் நாடாவை இழுப்பதிலேயே ஊசலின் அசைவிற் பெரும்பங்கு கழிந்துவிடும்; மிகத் தளர்ந்தால் நாடா தானே நழுவிப் பொய் சொல்லும். இரண்டுக்கும் நடுவே, தடுக்காமலும் விடாமலும் பிடிக்க வேண்டும். அவர் காட்டிய சோதனையொன்றில் நாடா 17¼ அங்குலம் வந்தது. அதனின்று குண்டின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,640 அடியெனக் கணக்கிட்டார். இக்கணக்கில் ஓரங்குலம் பிழைத்தால் வேகம் ஏறக்குறைய 95 அடி பிழைத்துவிடும். நாடாவிலே அங்குலத்துக்கொரு துளையிட்டு நாக்கு மாட்டும் முறையை அவர் கொண்டிருந்தால் என்னாகும் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம். துளை, தன் இடத்துக்குத் தக்கபடி உண்மையை வளைக்கும்; விளிம்பு, உண்மை நின்ற இடத்திலேயே நிற்கும்.

வேகம் தெரிந்தது, உடனே பழைய கொள்கை வீழ்ந்தது. துப்பாக்கியை ஊசலுக்கு அருகில் வைத்துச் சுட்டும், தொலைவில் வைத்துச் சுட்டும், இடையே காற்று எவ்வளவு வேகத்தைக் கவர்ந்தது என்று பார்த்தார். தடை சிறிதன்று, மிகப் பெரிது என்று கண்டார். இருபத்துநான்கு இராத்தற் குண்டு காற்றில்லாத வெளியில் 16 மைல் செல்லவேண்டிய வேகத்தோடு புறப்பட்டு, மெய்யாக 3 மைலுக்குள் விழுந்துவிடும் என்று விளக்கினார். ஒலியின் வேகத்தை அணுகும்போது காற்றின் தடை திடீரென மிகுவதையும் குறித்தார். ஒலியை விஞ்சும் விமானங்களைச் செய்வோர்க்கு இருபதாம் நூற்றாண்டில் இதுவே பெரிய இடர்ப்பாடாயிற்று.

இராபின்ஸ் முன்னர்க் கண்டித்தெழுதிய ஆய்லரே 1745-இல் இந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார் என்பது இவ்வரலாற்றில் என் மனத்தை மிகக் கவர்ந்த செய்தியாகும். பெயர்த்ததோடு நில்லாமல், மூலத்தினும் பன்மடங்கு பெரிய விரிவுரையையும் சேர்த்தார். தம்மைக் குறைகூறியவன் நூலைத் தம் கையாலேயே உலகறியச் செய்தல் புலவர்க்குள்ளே எளிதிற் காணக்கூடியதன்று. நம் தமிழ்ப் புலவர் வரலாறுகளிலும் இதற்கு ஒப்புத் தேடினால் நெடுநேரமாகும். எனினும் ஒரு செய்தியை மட்டும் ஆய்லர் ஒப்பவில்லை. சுழன்று செல்லும் குண்டு அச்சுழற்சியினாலேயே ஒருபுறம் விலகும் என்றார் இராபின்ஸ். இதனை மெய்ப்பிக்கத் துப்பாக்கிக் குழாயின் நுனியை இடப்புறமாகச் சிறிது வளைத்து, வழியில் மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டிச் சுட்டார். குண்டு முதலில் இடப்புறம் சென்று, பின்னர் வலப்புறம் திரும்பியதைத் திரைகளின் துளைகள் காட்டின. நூறாண்டு கழித்து மாக்னஸ் என்னும் ஜெர்மானியர் இதனை மீண்டும் ஆராய்ந்தமையால் இன்று அவர் பெயரே வழங்குகின்றது. நம் மைதானத்திற் பந்தைச் சுழற்றி வீசி எதிரியை ஏமாற்றும் கிரிக்கெட்டு வீரர், தமக்குரிய நன்றியில் ஒரு பங்கை இராபின்ஸுக்குச் செலுத்தலாம். இராயல் சங்கத்தார் 1746-ஆம் ஆண்டிற்குரிய காப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கினர்.

ஆன்சன் என்னுங் கடற்படைத் தலைவர் உலகைச் சுற்றிவந்த யாத்திரை நூல் 1748-இல் வெளிவந்தது. அதனை எழுதியதில் இராபின்ஸுக்குப் பெரும்பங்குண்டு என்பர். நூலின் முகப்பில் உள்ளது வேறொருவர் பெயர். ஆன்சனது நட்பால் அரசாங்கத்தில் அவருக்கு மதிப்பு மிகுந்தது. பாரிஸ் நகருக்கு எல்லைத் தீர்ப்புக்குரிய பிரதிநிதியாகச் செல்வதா, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கோட்டைகளுக்குத் தலைமை இஞ்சினீயராக இந்தியாவுக்குச் செல்வதா என்னும் இரண்டும் அவர் முன் நின்றன. அவர் இந்தியாவைத் தெரிந்துகொண்டார். வான நூற்கருவிகள் பலவற்றைத் தம்முடன் எடுத்துக்கொண்டு, 1749-ஆம் ஆண்டின் இறுதியிற் கப்பலேறி, 1750 ஜூலையில் வந்திறங்கினார்.

அவர் வந்திறங்கிய செயின்ட் டேவிட் கோட்டை, கெடில நதி கடலொடு கலக்கும் இடத்துக்கு அருகே இருந்தது. 1690-இல், செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டிய மன்னர் இராஜாராம் காலத்தில், ஆங்கிலேயர் அதனை விலைக்கு வாங்கினர். கோட்டையோடு, பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைக்குட்பட்ட நிலமும் அவர்களைச் சேரும் என்பது பேச்சு. அவ்வாறே நாற்புறமும் சுட்டு, குண்டு விழுந்த இடங்களை எல்லையாகக் கொண்டு கடலூரையும் பல ஊர்களையும் தமவாக்கிக் கொண்டனர். குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் அந்நிகழ்ச்சி எனக்கு நினைவு வரும். எத்தனை குடிகள் எவருக்கு வரியிறுப்பது என்பதைக் குண்டின் ஓட்டம் முடிவுசெய்த மண்ணுக்கு, குண்டின் ஓட்டத்தை முதன்முதல் அளந்தறிந்தவர் அறுபதாண்டு கழித்து வந்து சேர்ந்தார்.

சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் 1746-இல் கைப்பற்றியிருந்தமையின், அக்காலத்தில் ஆங்கிலேயர்க்குக் கிழக்குக் கரையில் தேவனாம்பட்டினமே தலைமை இடமாக இருந்தது. 1749-இல் சென்னை திரும்பக் கிடைத்த பின்னும் 1752 வரை அந்நிலையே நீடித்தது. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிட முகத்திலுள்ள தேவிக்கோட்டையும் 1749-இல் அவர்கள் வசமாயிற்று. இளைஞராகிய கிளைவு செயின்ட் டேவிட் கோட்டையிலேதான் அப்போது ஊழியம் பார்த்து வந்தார். இராபின்ஸ் வந்தவுடன் செயின்ட் டேவிட் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் புதிய அரண்களை வகுத்து வரைபடங்கள் அமைத்தார். செப்டம்பரில் காய்ச்சல் கண்டது, தேறினார். மறுபடியும் உடல் நலிந்தது. எழுதுகோலும் கையுமாகக் கம்பெனியார்க்கு அனுப்பவேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது என்று அவர் வரலாறெழுதினோர் கூறுவர். அந்நாள் 1751 ஜூலை 29. வயது நாற்பத்து நான்கு, மணஞ்செய்துகொண்டவரல்லர். அடுத்த மாதத்திற் கிளைவு ஆர்க்காட்டின்மேற் படையெடுத்துச் சென்றார்.

கொலைக்கருவியைச் செம்மைப்படுத்திய கணிதம் போற்றத்தக்கதோ என்று கேட்பவர் உளர். துப்பாக்கியை இராபின்ஸ் படைக்கவில்லை. அதைப்பற்றி மக்கள் நம்பிய பொய்யை அவர் நீக்கினார். ஆயினும் அவரது அறிவை இறுதியில் விலைக்கு வாங்கியவர் ஒரு வியாபாரக் கம்பெனியார் என்பதையும், அது நம் நாட்டின்மேல் திருப்பப்பட்டதென்பதையும் மறைத்தற்கில்லை. இரண்டையும் ஒருங்கே சொல்லுதலே அளவறிந்த ஒருவரது வரலாற்றுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

அவர் காக்க வந்த கோட்டை நெடுநாள் நிற்கவில்லை. 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைப் பிடித்துத் தகர்த்தார். இருபத்து மூன்றாண்டு கழித்து, 1781 ஜூனில், ஹைதர் அலியின் வீரர் காவலிருந்த சிதம்பரம் கோயிலை ஆங்கிலத் தளபதி கூட் தாக்கினார். கூத்தப்பிரானுக்கென்று எடுத்த மதில்கள் அவரைத் திருப்பியனுப்பின. இஞ்சினீயர் எவரும் பீரங்கிக்காக வகுத்த மதில்கள் அல்ல அவை.

தேவனாம்பட்டினத்தில் இன்று எஞ்சியிருப்பன இடிபாடுகளே. இராபின்ஸின் நண்பர் ஜேம்ஸ் வில்ஸன் அவருடைய கணித நூல்களைத் தொகுத்து 1761-இல் இரண்டு பகுதிகளாக வெளியிட்டார். பீரங்கிக்கலை நூலின் படத்தில் மூன்று கால்களும், தொங்கும் பலகையும், இரண்டு விளிம்புகளுக்கிடையே தளர்ந்து தொங்கும் நாடாவும் இன்றும் காணக்கிடக்கின்றன.