ஓட்டவீரரின் இரண்டு ஞாயிறுகள்



பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்துவிட்டால் வன்னியின் மைதானங்கள் களைகட்டிவிடும். செம்மண் தரையில் சுண்ணாம்புக் கோடுகள் இழுக்கப்படும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடிப் பழகுவார்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த மாலை வேளைகளில் அருகில் நிற்கும் பெரியவர் பெரும்பாலும் அவர்களுடைய விளையாட்டுப் பயிற்றுநரே. பெற்றோர் தொலைவில் இருக்க, விழுந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்துபவரும், தோற்ற பிள்ளையின் தோளைத் தட்டிக் கொடுப்பவரும் அவரே. ஆயினும் அந்தப் பணியை ஓர் அழைத்தலாக நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

இதே காலத்தில் நம் குடும்பங்களில் ஒரு கேள்வியும் எழுகிறது. ஞாயிறு காலையில் பயிற்சி என்று அறிவித்தல் வருகிறது. அதே நேரத்தில் ஆலயத்தில் திருப்பலி. பிள்ளையை எங்கே அனுப்புவது? மறுத்தால் பயிற்றுநருக்கு மனவருத்தம். அனுப்பினால் நம் மனச்சாட்சிக்கு உறுத்தல். இக்கேள்வியோடு வாழ்ந்து, அதற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்த ஒருவரை இன்று நினைவுகூர்வோம். அவர் பெயர் எரிக் லிடெல். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஸ்கொட்லாந்து நாட்டுப் புரொட்டஸ்தாந்து மறைபரப்பாளர் குடும்பத்தின் மகன். ஆனால் பிரிந்த சகோதரரிடத்தில் விளங்கும் கிறிஸ்துவின் கொடைகளை மகிழ்வோடு ஏற்றுப் போற்றுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் நமக்குக் கற்பித்திருக்கிறது அல்லவா?

எரிக் 1902ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் சீனாவின் தியென்சின் நகரில் பிறந்தார். தந்தையும் தாயும் அங்கே நற்செய்திப் பணி ஆற்றிவந்தனர். அவருக்கு ஆறு வயதானபோது, எட்டு வயது அண்ணன் ரொபர்ட்டுடன் சேர்த்து லண்டனில் மறைபரப்பாளரின் புதல்வர்களுக்கென இருந்த விடுதிப் பாடசாலையில் அவரை விட்டார்கள். பின்னாளில் எல்தம் கல்லூரி என்று பெயர் பெற்றது அப்பாடசாலை. தந்தை சீனா திரும்பினார். சில காலத்தின் பின் தாயும் திரும்பினார். அந்நாளில் சீனாவுக்குக் கடற்பயணம் வாரக்கணக்கில் நீளும். எனவே பெற்றோரின் முகத்தைப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் காணாமலே வளர்ந்தார்கள். அந்த வெறுமையில் எரிக்கிற்கு விளையாட்டு மைதானமே இரண்டாவது வீடாயிற்று. கிரிக்கெட் அணிக்கும் ரக்பி அணிக்கும் அவர் தலைவரானார். விடுதியில் வளரும் பிள்ளைக்குப் பந்தும் ஓட்டமும் எத்தகைய துணை என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை, அனுபவித்து அறிந்தார்.

1920இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் கற்கச் சென்றார். அங்கே அவருக்குக் கிடைத்த பயிற்றுநர் டொம் மெக்கெர்ச்சர் என்பவர். அச்சகம் ஒன்றில் வேலை பார்த்த எளிய மனிதர். மாணவனின் ஓட்டத்தில் இருந்த குறைகளைத் திருத்தி, தசைகளைப் பிடித்துவிட்டு, பொறுமையோடு அவரை உருவாக்கினார். எரிக் கைகளை வீசியடித்து, தலையைப் பின்னே சாய்த்து, வானத்தைப் பார்த்தபடி ஓடுவார். பார்ப்போர் சிரிப்பார்கள். ஆனால் முதலில் வந்து சேர்பவர் அவரே. 1923இல் ஸ்ரோக் நகரில் நடந்த 440 யார் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே இடிபட்டுக் கீழே விழுந்தார். மற்றவர்கள் வெகுதூரம் முந்திவிட்டார்கள். எழுந்து துரத்தி, இறுதியில் அவரே வென்றார்.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக் நெருங்கியது. நூறு மீற்றர் ஓட்டத்தில் பிரித்தானியாவின் பெரிய நம்பிக்கை எரிக்கே. ஆனால் அதன் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் அமைந்திருந்தது. ஆண்டவருடைய நாளில் ஓடுவதில்லை என்று அவர் உறுதியாகக் கூறிவிட்டார். ஞாயிறுகளில் வந்த அஞ்சலோட்டங்களையும் கைவிட்டார். நாட்டின் பெருமையை மறந்தவர் என்ற பழி அவர்மீது விழுந்தது. அவர் யாரையும் ஏசவில்லை. தம் முடிவைப் பிறர்மீது திணிக்கவும் இல்லை. மெக்கெர்ச்சரும் மாணவனைக் கைவிடவில்லை. 400 மீற்றர் ஓட்டத்துக்காக அவரை ஆயத்தம் செய்தார். ஒரு நல்ல பயிற்றுநர் மாணவனின் கால்களை மட்டுமல்ல, அவன் மனச்சாட்சியையும் மதிக்கிறார் என்பதற்கு இது சான்று.

சூலை 11ஆம் நாள், வெள்ளிக்கிழமை, 400 மீற்றர் இறுதிப் போட்டி. அணியினருக்குத் தசை பிடித்துவிடும் பணியாளர் ஒருவர் எரிக்கின் கையில் ஒரு சிறு துண்டுக் கடிதத்தைக் கொடுத்திருந்தார். தம்மை மதிப்பவரை இறைவனும் மதிப்பார் என்னும் சாமுவேல் நூலின் வாக்கு அதில் நினைவூட்டப்பட்டிருந்தது. வெளி ஓரப் பாதையில் ஓடிய எரிக் 47.6 வினாடிகளில் புதிய ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார். 200 மீற்றரில் வெண்கலமும் பெற்றார். பதக்கத்தை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்தத் துண்டுக் கடிதத்தை எழுதிய பணியாளரை எத்தனை பேர் நினைக்கிறோம்? நம் பாடசாலை மைதானங்களின் ஓரத்தில் தண்ணீர்ப் போத்தலோடு நிற்பவர்களும் அத்தகையோரே.

நம்மில் பலர் கேள்விப்பட்ட கதை இவ்வளவே. ஆனால் இந்தச் சாட்சியத்தின் மறுபாதி இதற்குப் பின்னரே வருகிறது.

புகழின் உச்சியில் நின்ற அந்த இளைஞர் மறு ஆண்டே, 1925இல், தாம் பிறந்த சீனாவுக்குத் திரும்பினார். தியென்சின் ஆங்கில-சீனக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். மாணவர்களுக்கு ஓட்டமும் விளையாட்டும் பயிற்றுவித்தார். 1932இல் திருப்பணியாளராக அருட்பொழிவு பெற்றார். 1934இல் புளோரன்ஸ் என்னும் கனடியப் பெண்ணை மணந்தார். போர் மேகம் சூழ்ந்தபோது, 1941இல், கருவுற்றிருந்த மனைவியையும் இரு பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் பணியில் தங்கினார். அங்கே பிறந்த மூன்றாவது மகளின் முகத்தை அவர் ஒருபோதும் காணவில்லை.

1943 மார்ச் மாதத்தில் ஜப்பானியப் படையினர் அவரை வெய்சியன் என்னும் முகாமில் அடைத்தார்கள். மதிலும் காவற்கோபுரங்களும் மின்கம்பியும் சூழ்ந்த சிறு நிலப்பரப்பு. அதற்குள் ஏறத்தாழ 1,500 பேர். உணவுக்கு வரிசை, கழிப்பறைக்கு வரிசை, வெளியே போக அனுமதி இல்லை. வன்னி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமிலும் ஏனைய முகாம்களிலும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முட்கம்பிக்குள் இருந்ததையும், மெனிக் பாமின் இறுதிக் குடும்பங்கள் 2012 செப்ரெம்பரிலேயே வெளியேறியதையும் நாம் மறக்கவில்லை. தறப்பாள் கூடாரங்களிடையே கிடைத்த சிறு வெளியில் பிள்ளைகள் விளையாடியதைக் கண்டவர்களுக்கு, ஒரு பந்து அங்கே எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது தெரியும்.

வெய்சியனில் தொடக்கத்தில் நம் கத்தோலிக்கக் குருக்களும் அருட்சகோதரிகளும் ஏறத்தாழ 400 பேர் இருந்தனர். டிராப்பிஸ்ட் துறவியான ஸ்கான்லன் அடிகளார் பசித்த குழந்தைகளுக்காக மதில்மேலால் முட்டைகளை இரகசியமாக வாங்கிக் கொடுத்துப் பிடிபட்டுத் தனிச்சிறை பெற்றார். மௌனத்தையே வாழ்வாகக் கொண்ட துறவிக்குத் தனிமை தண்டனையாகவில்லை! சபைகள் பலவாயினும், கம்பிவேலிக்குள் அன்பு ஒன்றாகவே இருந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் துறவியரில் பெரும்பாலோர் பீக்கிங் நகருக்கு மாற்றப்பட்டனர். அதன் பின்னர் ஒரு விடுதிப் பாடசாலையே முகாமுக்குள் கொண்டுவரப்பட்டது. அது சீபூ என்னும் கடற்கரை ஊரில் இயங்கிய, மறைபரப்பாளரின் பிள்ளைகளுக்கான பாடசாலை. ஆசிரியர்கள் உடன் வந்தார்கள். பெற்றோரோ போர்முனைக்கு அப்பால் இருந்தார்கள். சில பிள்ளைகள் பெற்றோரைக் கண்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

ஆறு வயதில் விடுதியில் விடப்பட்ட அந்தச் சிறுவன் இப்போது நாற்பது வயதைக் கடந்த மனிதராய் அப்பிள்ளைகளின் முன் நின்றார். அவர்கள் அவரை எரிக் மாமா என்று அழைத்தார்கள். நூல்கள் இல்லாத இடத்தில் விஞ்ஞானம் கற்பித்தார். உடைந்த ஹொக்கி மட்டைகளைப் படுக்கை விரிப்பின் துணியாலும் பசையாலும் கட்டிச் சீராக்கினார். போட்டிகளை ஒழுங்குசெய்தார். மறைக்கல்வி நடத்தினார். முதியோருக்கு நீரும் கரியும் சுமந்தார்.

இங்கேதான் இரண்டாவது ஞாயிறு வருகிறது. முகாமில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விளையாட்டு நடத்தவில்லை. சலிப்புற்ற இளையோர் ஒரு ஞாயிறன்று தாங்களாகவே ஹொக்கி ஆடினார்கள். மத்தியஸ்தர் இல்லாமையால் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. எரிக் அதைப் பற்றிச் சிந்தித்தார், செபித்தார். மறு ஞாயிறு மைதானத்தில் மத்தியஸ்தராக நின்றவர் அவரே. ஞாயிறுக்காக ஒலிம்பிக் ஓட்டத்தையே விட்டவர், பிள்ளைகள் பகைமையில் விழாதிருக்க ஞாயிறன்று ஊதுகுழலை வாயில் வைத்தார்.

இது முரண்பாடா? இல்லை. முதல் ஞாயிறில் அவர் விட்டுக்கொடுத்தது தம் பதக்கத்தை. இரண்டாம் ஞாயிறில் விட்டுக்கொடுத்தது, உறுதியான மனிதர் என்று தமக்கிருந்த பெயரை. இரண்டு முறையும் இழந்தவர் அவர். பெற்றவர் இறைவனும் பிள்ளைகளும். ஓய்வுநாள் மனிதருக்காகவே உண்டாயிற்று என்று நம் ஆண்டவர் கற்பித்ததன் பொருள் இதுவே அன்றோ? தன் வசதிக்காக ஓய்வுநாளைத் தளர்த்துபவர் அதை இழக்கிறார். பிறர் நலனுக்காகத் தன்னையே தளர்த்துபவர் அதை நிறைவேற்றுகிறார்.

அம்முகாமில் ஸ்டீபன் மெட்காஃப் என்ற மாணவன் இருந்தான். பகைவருக்காகச் செபிக்குமாறு மலைப்பொழிவிலிருந்து எரிக் கற்பித்தது அவன் நெஞ்சில் பதிந்தது. 1945இன் குளிர்காலத்தில், அவன் சப்பாத்து நைந்துபோயிருப்பதைக் கண்ட எரிக், தம் பழைய ஓட்டச் சப்பாத்துகளைக் கயிற்றால் கட்டிச் சீராக்கி அவனுக்குக் கொடுத்தார். அப்போதே அவர் நோயுற்றிருந்தார். மனச்சோர்வு என்று எண்ணினார்கள்; மூளையில் கட்டி இருந்தது இறந்த பின்னரே தெரிந்தது. அச்சப்பாத்தைக் கொடுத்துச் சில வாரங்களில், பெப்ரவரி 21ஆம் நாள், 43 வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். அன்றுகூட மனைவிக்குக் கடிதம் எழுதியிருந்தார். மரணச் செய்தி புளோரன்ஸைச் சேர்ந்தபோது மே மாதம் ஆகிவிட்டது. ஓகஸ்ட் 17இல் முகாம் விடுதலை பெற்றது. அந்தச் சப்பாத்தைப் பெற்ற சிறுவன் 1952இல் மறைபரப்பாளராகப் புறப்பட்டான். எங்கே தெரியுமா? தன்னைச் சிறைவைத்தவர்களின் நாடான ஜப்பானுக்கு.

அன்பான பெற்றோரே, இரண்டாவது ஞாயிறைக் காரணம் காட்டித் திருப்பலியைத் தவறவிட நமக்கு உரிமை இல்லை. விளையாட்டில் நின்றபோதும் எரிக் வழிபாட்டை விட்டவர் அல்லர். பயிற்சி நேரத்தை மாற்ற இயலுமா என்று பணிவோடு கேளுங்கள். சனி மாலைத் திருப்பலியையும் திருச்சபை நமக்குத் தந்திருக்கிறது. அதேவேளை, பயிற்றுநரைப் பகைவராக எண்ணாதீர்கள். பலர் தம் ஓய்வையும் பணத்தையும் பிறர் பிள்ளைகளுக்காகச் செலவிடுகிறவர்கள்.

அன்பான பயிற்றுநர்களே, விடுதிப் பொறுப்பாளர்களே, உங்கள் கையில் இருப்பது வெற்றிக் கிண்ணம் மட்டுமன்று. போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் நம் விடுதிகளில் வளர்ந்தார்கள். இன்றும் வறுமையாலும் தூரத்தாலும் வீட்டைப் பிரிந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஞாயிறன்று அவர்களை மைதானத்துக்கு அழைக்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது யாருக்காக? என் பெயருக்காகவா, இந்தப் பிள்ளைக்காகவா? அந்த விடை தெளிவானால் நேர அட்டவணையும் தெளிவாகும்.

நல்லதோர் ஓட்டத்தை ஓடி முடித்ததாகத் தம் இறுதி நாள்களில் எழுதினார் புனித பவுல். அந்த ஓட்டத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று இல்லை. விழுந்தவனைத் தூக்கிவிட்டு வந்தவர்களுக்கே வாகை.

செபிப்போம்: ஆண்டவராகிய இயேசுவே, குழந்தைகளை அருகில் அழைத்து ஆசீர்வதித்தவரே, எம் வன்னி மண்ணின் விடுதிகளில் வளரும் பிள்ளைகளையும், அவர்களுக்கு ஓடக் கற்பிக்கும் கரங்களையும் ஆசீர்வதியும். உமக்காக இழக்கவும், பிறருக்காக இறங்கவும் எமக்குக் கற்றுத் தாரும். ஆமென்.