சத்திரவைத்தியர் எவாட்ஸ் கிரஹாம்

புகையிலைத் தோட்டங்களின் நடுவே வளர்ந்தவர்கள் நாம். புகையிலை விற்ற பணத்திற் கல்வி கற்ற பழைய மாணவர் நம்முட் பலர். ஆதலின் இப்பெரியாரின் சரிதத்தைச் சொல்லப் புகும்போது நமக்குச் சிறிது கூச்சமும் உண்டாகின்றது.

எவாட்ஸ் கிரஹாம் 1883ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் ஒரு சத்திரவைத்தியரின் மைந்தராகப் பிறந்தார். 1919இல் சென் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் சத்திரவைத்தியப் பேராசிரியரானார். பித்தப்பையை எக்ஸ் கதிர்ப் படத்திற் புலப்படுத்தும் முறையை 1924இல் உலகுக்கு அளித்தவர்களுள் அவரும் ஒருவர். அதனை இங்கு விரித்திலேம்.

சுவாசப்பையின் வேரிடத்தை மாணவர் மனத்திற் கொள்ளல் வேண்டும். மூச்சுக்குழாயும், இருதயத்திலிருந்து வரும் நாடியும், அதற்குத் திரும்பும் நாளங்களும் அங்கே ஒரு பிடியளவில் நெருங்கிக் கிடக்கின்றன. இடையிடையே நிணநீர்க் கணுக்கள் உள. சயரோகமோ புற்றுநோயோ பற்றினால் இக்கணுக்கள் வீங்கி இறுகி, நாடியின் மெல்லிய சுவரோடு ஒட்டிக்கொள்வதுண்டு. பிரிக்கும்போது சுவர் கிழியின், நோயாளி மேசையிலேயே உயிர் துறக்கவும் கூடும். ஆதலின் இக்கால வைத்தியர், அத்தகைய கணுவைத் தொடுமுன், இருதயத்துக்கு அண்மையில் நாடியைச் சுற்றி நாடாவொன்றை இட்டுக்கொள்வர். ஆபத்து நேரின் அதனை இறுக்கி இரத்தத்தைத் தடுப்பர்.

இவ்வனுபவங்கள் திரளாத காலத்திலே, 1933 ஏப்பிரல் 5ஆந் திகதி, கில்மோர் என்னும் 48 வயதுப் பிரசவ வைத்தியரின் மார்பைக் கிரஹாம் திறந்தார். ஒரு பகுதியை மாத்திரம் அகற்ற எண்ணியவர், அது போதாதெனக் கண்டார். புற்றுநோய்க்காக முழுச் சுவாசப்பையையும் ஒரே முறையில் இழந்து பிழைத்தவர் அதுவரை எவருமிலர். வேரைச் சுற்றி இறப்பர்க் குழாயொன்றை இறுக்கினார். இருதயம் தாங்குகின்றதா எனச் சிறிது பொறுத்துப் பார்த்தார். பின்னர் அனைத்தையும் ஒருங்கே கட்டி, இடது சுவாசப்பையை வெட்டியெடுத்தார். வெற்றிடம் அடைபட ஏழு விலா எலும்புகளையும் அகற்றினார். கில்மோர் பிழைத்துத் தம் தொழிலுக்கு மீண்டார்.

கிரஹாமோ நெடுநாட் சிகரட்டுப் பிடித்தவர். புகையே நோய்க்குக் காரணமோ என ஆராய விரும்பிய மாணவர் வைண்டரின் கருத்தை அவர் நம்பவில்லை, ஆயினும் தடுத்திலர். நோயுற்ற 605 ஆடவருள் நூற்றுக்கு 96.5 பேர் மிகுதியாகப் புகைத்தவரெனக் கண்டபோது, தம் எண்ணத்துக்கு மாறான அவ்வுண்மையைத் தம் பெயரிட்டு 1950இல் வெளியிட்டார். சத்திரசிகிச்சையினும் இதனையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

சிகரட்டையும் விட்டொழித்தார். காலம் கடந்துவிட்டது. 1957 மார்ச் 4ஆந் திகதி, சுவாசப்பைப் புற்றுநோயால் அன்னார் காலமானார். இரு சுவாசப்பைகளிலும் நோய் பரவியிருந்தமையாற் கத்திக்கு அங்கே வேலையிருக்கவில்லை. கில்மோர் ஒற்றைச் சுவாசப்பையோடு அதன் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருந்தார்.