ஓவியர் ஜைனுல் ஆபிதீன்: தாயின் தங்கச் சங்கிலி

பிள்ளை படம் வரைந்துகொண்டிருந்தால், "இது சோறு போடுமா?" என்று கேட்கும் வீடுகள்தாம் நம்மிடம் அதிகம். ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன், வங்காளத்தில் ஒரு முஸ்லிம் தாய் வேறு முடிவெடுத்தார். மகன் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர, தன் தங்கச் சங்கிலியை விற்றுப் பணம் கொடுத்தார். தந்தை காவல்துறையில் வேலை பார்த்த எளிய குடும்பம் அது.

அந்த மகன்தான் ஜைனுல் ஆபிதீன். 1914 டிசம்பர் 29-ல் கிஷோர்கஞ்சில் பிறந்தவர். 1933-ல் பள்ளியில் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினார். அங்கேயே ஆசிரியரும் ஆனார். சிறுவயதில் கரையோரம் விளையாடிய பிரம்மபுத்திரா நதியை நீர்வண்ணத்தில் தீட்டி, 1938-ல் அகில இந்தியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார்.

ஆனால் அவரை உலகம் அறிந்தது அந்த அழகிய நதியால் அல்ல. 1943 பஞ்சத்தில் கல்கத்தா வீதிகளில் மக்கள் பசியால் விழுந்து மடிந்தனர். வங்காளம் முழுதும் மாண்டவர்கள் 30 லட்சம் வரை இருக்கலாம் என்பது பரவலான கணிப்பு. ஜைனுல் ஆபிதீன் கரியை எரித்து மை செய்து, மலிவான பொதி காகிதத்தில் அவர்களை வரைந்தார். எலும்பும் தோலுமான தாய், குழந்தை, குப்பைத் தொட்டி, காகம். வண்ணமே இல்லை. அந்தக் கறுப்புக் கோடுகளுக்கு முன் நின்றால் இன்றும் நமக்குப் பேச்சு வராது.

பிரிவினைக்குப் பின் டாக்கா வந்தார். அங்கே ஓவியப் பள்ளி என்று ஒன்று இல்லை. 1948-ல் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் இரண்டு அறைகளில், 18 மாணவர்களோடு தொடங்கினார். ஓவியத்தைச் சந்தேகத்தோடு பார்த்த சமூகத்தில் மாணவர் சேர்ப்பதே பெரும்பாடு. தமக்காக வரையும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு கல்லூரியைக் கட்டினார் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1956-ல் ஷாபாக்கில் சொந்தக் கட்டடம் எழுந்தது. இன்று அது டாக்கா பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவு. மாணவர்கள் அவரை 'சில்பாச்சார்யா' என்றார்கள். பெயரோடு அது ஒட்டிக்கொண்டது.

1970-ல் அரபு லீக் அழைப்பில் பாலஸ்தீன அகதி முகாம்களுக்குச் சென்று அங்குள்ளவர்களை வரைந்தார். அதே ஆண்டு வங்கக் கரையைச் சூறையாடிய புயலின் அழிவை, 30 அடி நீளச் சுருளில் பின்னர் தீட்டினார்.

நுரையீரல் புற்றுநோய் வந்தபோதும் தூரிகையை வைக்கவில்லை. மருத்துவமனையில் கடைசியாக வரைந்தது இரண்டு முகங்கள். 1976 மே 28-ல் வஃபாத்தானார். டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசல் அருகே, அவர் கட்டிய கல்லூரிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். மூன்று மாதம் கழித்து கவிஞர் நஸ்ருல் இஸ்லாமும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.